அசைன்மெண்டை ஏஐ எழுதிக் கொடுத்தால் தப்பா? – கண்மாய்க் கரையிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: திருமங்கலம் மாணவர், 2 ஆகஸ்ட் 2025

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'நம்ம ஊர் நீர்நிலைகள்' என்று பத்துப் பக்கம் அசைன்மெண்ட் கொடுத்திருக்கிறார்கள். ஏஐயிடம் கேட்டேன், ஐந்து நிமிடத்தில் பத்துப் பக்கமும் வந்துவிட்டது. வகுப்பில் பாதிப்பேர் அப்படியேதான் வைக்கப் போகிறார்கள். கால்குலேட்டர் வைத்துக் கணக்குப் போடுகிற மாதிரிதானே இது? இதில் என்ன தப்பு?

3 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

தம்பி, நான் முனைவர் பட்டத்துக்கு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, எடுத்திருக்கிறேன். 1895-ல் பெரியாறு அணை வந்ததற்கு முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள் கண்மாய்த் தண்ணீரை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்பது தலைப்பு. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கால்குலேட்டர் ஒப்புமை சரிப்பட்டு வராது. 17-ஐ 23-ஆல் பெருக்கினால் எத்தனை முறை தட்டினாலும் 391 வரும், யார் தட்டினாலும் வரும். ஏஐ அப்படிப் பதில் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, இந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறது. சில ஆப்கள் இணையத்தில் தேடியும் பார்க்கின்றன. ஆனால் தேடி எடுத்ததைக் கோத்து எழுதுவது இதே வழியில்தான். அதனால் அது எழுதுவது எப்போதும் சரி மாதிரியே இருக்கும். சரியாக இருக்கும்போதும் அதே குரல், தப்பாக இருக்கும்போதும் அதே குரல்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை எத்தனை என்று அதைக் கேளுங்கள். அப்புறம் கரையில் ஏறி நடந்து நீங்களே எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வந்து சொல்லுங்கள்.

ஒரு உதாரணம் தருகிறேன். நீர்நிலை பற்றிய சங்கப் பாடல் ஒன்று வேண்டும் என்று போன வாரம் கேட்டேன். 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத்தோரே' என்ற வரியைக் கொடுத்து, மணிமேகலை என்று போட்டிருந்தது. அது புறநானூறு 18. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் பாடியது, நீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் பாட்டு. மதுரையில் வரலாறு படிக்கிற யாருக்கும் தெரிந்த வரி. பச்சைப் பொய்யை எவ்வளவு தைரியமாகச் சொல்கிறது பாருங்கள்.

4 ஆகஸ்ட், காலை 7.40

'அப்படியென்றால் தொடவே கூடாது என்கிறீர்களா' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நான் தினமும் தொடுகிறேன். நேற்று இரவுகூட ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து, 'படிக்கிறவர் எந்த இடத்தில் குழம்புவார்' என்று கேட்டேன். மூன்று இடம் காட்டியது, அதில் இரண்டு உண்மையிலேயே குழப்பமான இடங்கள். திருத்தி எழுதியது நான்.

5 ஆகஸ்ட், இரவு 9.30

முந்தாநாள் எழுதியதில் ஒரு தவறு. தப்பு ஏஐயுடையது இல்லை, என்னுடையது. இங்கே ஒரு தமிழாசிரியர் சுட்டிக்காட்டினார். நூலை எடுத்துப் பார்த்தேன். அதே வரி மணிமேகலையிலும் இருக்கிறது, பாத்திரம் பெற்ற காதையில். 'மண்திணி ஞாலத்து வாழ்வோர்க் கெல்லாம்' என்பது அதற்கு முந்திய வரி. அதை எழுதிய சாத்தனார் மதுரையில் தானிய வியாபாரம் செய்தவர், கூலவாணிகன் என்றே பெயர். அவரைப் போய் மறந்துவிட்டேன்.

ஏஐ சொன்ன நூல் சரி. ஆனால் அந்த வரிக்குக் கீழே 'அடுத்த வரி' என்று இன்னொன்றையும் கொடுத்திருந்தது. கண்மாயும் கரையும் வருகிற அழகான வரி. அது மணிமேகலையிலும் இல்லை, புறநானூற்றிலும் இல்லை. ஒரே பதிலில் நான் பொய் என்று தள்ளியது உண்மையாக இருந்தது, கவனிக்காமல் விட்டது பொய்யாக இருந்தது. என் ஞாபகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, சரிபார்த்ததாக நினைத்துக்கொண்டேன். நூலைத் திறந்திருந்தால் இரண்டும் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மேலே எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

9 ஆகஸ்ட், சனி, மாலை 5.20

'மேற்கோள் பட்டியல் மட்டும் ஏஐயிடம் வாங்கினால் என்ன' என்று ஒருவர் கேட்டார். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அடிபட்டேன்.

போன வருடம் ஒரு கருத்தரங்கக் கட்டுரை. நாளைக்குக் கடைசி நாள். ஏரிப் பாசனம் பற்றிப் பழைய தமிழ் இதழ்களில் வந்த கட்டுரைகள் வேண்டும் என்று ஏஐயைக் கேட்டேன். ஐந்து கொடுத்தது. இரண்டு எனக்கு முன்பே தெரியும், உண்மையானவை. அந்த இரண்டும் சரியாக இருந்ததால் மற்ற மூன்றையும் நம்பினேன். ஒன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில் 1899-ல் வந்தது என்று இருந்தது. தொகுதி எண், பக்க எண், எல்லாம் இருந்தது. நூற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கருத்தரங்க மலர் அச்சுக்குப் போகும் முன் பதிப்பாசிரியர் கூப்பிட்டு, 'அந்தச் செந்தமிழ் கட்டுரை கிடைக்காத ஒன்று, நகல் அனுப்பும்மா' என்றார். ஆசையாகத்தான் கேட்டார். பழைய இதழ்கள் கட்டிவைத்திருக்கும் ஒரு நூலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெரியவர் துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பாப்பா, தமிழ்ச் சங்கமே 1901-லதான் பாண்டித்துரைத் தேவர் ஆரம்பிச்சாரு. பத்திரிகை அதுக்கு அடுத்த வருஷம். 1899-க்கு நான் எங்கே போறது?"

நான்காம் தமிழ்ச் சங்கம் 1901, செந்தமிழ் 1902. இந்த இரண்டு எண்ணும் எனக்குத் தெரியாதவை இல்லை. பி.ஏ.யில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அச்சடித்த மாதிரி ஒரு பட்டியல் கண் முன்னால் வந்தபோது, தெரிந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பதிப்பாசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கட்டுரைய எடுத்துரும்மா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நூல், எந்தப் பக்கம், எங்கே பார்த்தேன், எந்தத் தேதி. இந்த நான்கும் என் கையால் எழுதப்படாமல் ஒரு வரியும் நூற்பட்டியலுக்குள் போவதில்லை. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்த பிறகு, எனக்கு இதில் பாதி வேலை அங்கேயே முடிகிறது. ஏஐ ஒரு நூற்பெயரைச் சொன்னால் அதைத் தேடிப் போக வேண்டிய துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். துப்பு பல முறை நல்ல துப்பாகவும் இருந்திருக்கிறது.

10 ஆகஸ்ட், காலை 11.05

நேற்றையதைப் படித்துவிட்டு, 'படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது நடக்கும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நியூயார்க்கில் வக்கீல்களுக்கே நடந்தது. இல்லாத தீர்ப்புகளை சாட்ஜிபிடி கொடுக்க, அவர்கள் அப்படியே மனுவில் வைத்து, 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. அந்தத் தீர்ப்புகள் உண்மைதானா என்று அந்த ஏஐயிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது.

13 ஆகஸ்ட், இரவு 11.30

உசிலம்பட்டி அக்காவின் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. வீட்டில் முதல் பட்டதாரி. ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். 'கருத்து என்னுடையது, களப்பணி என்னுடையது, இங்கிலீஷ் மட்டும் ஏஐயுடையது, நான் திருடியா' என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, நீங்கள் திருடி இல்லை. நானும் தமிழ்வழிதான். முதுகலை முதல் செமினாரில் எழுந்து நின்று, கண்மாயைக் குறிக்கும் 'டேங்க்' என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வராமல் உட்கார்ந்த ஆள் நான். நகரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறது, காசு கொடுத்துத் திருத்தி வாங்கவும் முடிகிறது. அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு முகம் சுளிக்காமல் இலக்கணம் சொல்லிக் கொடுக்க ஒன்று கிடைத்திருக்கிறது. பயன்படுத்துங்கள். கைடிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு, மதியம் 2.10

ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு குறை. சரி, என் தம்பியைச் சொல்கிறேன். பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. ஜூன் மாதம் முழுக்க வேதியியல் கணக்கைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் போட்டு, வந்த விடையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டு பளிச்சென்று இருந்தது. முதல் வகுப்புத் தேர்வில் 50-க்கு 19. அவனுக்கே அதிர்ச்சி. "எல்லாம் புரிஞ்ச மாதிரிதான்க்கா இருந்துச்சு" என்றான். அந்த 'மாதிரி'தான் சிக்கல். அடுத்தவர் நீந்துவதைக் கரையில் நின்று பார்த்தால் நமக்கும் நீச்சல் வரும்போலத்தான் இருக்கும்.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். முதலில் பேப்பரில் அவனாகப் போட வேண்டும், பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அதைக் காட்டி, 'விடையைச் சொல்லாதே, எந்தப் படியில் தப்பு என்று மட்டும் சொல்' என்று கேட்க வேண்டும். முதல் வாரம் பயங்கர எரிச்சல். போன புதன்கிழமை ஒரு மோல் கணக்கில் மூன்றாவது படியில் தப்பு என்று அது சொன்னது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இவன் எழுந்திருக்கவில்லை. அடித்து அடித்துப் போட்டு, கடைசியில், "அக்கா, அதுதான் தப்பு. என் மூணாவது படி சரி, ரெண்டாவதுலதான் தப்பு விட்டிருக்கேன்" என்று ஓடி வந்தான். தோசை ஆறிப்போயிருந்தது. ஏஐயையே திருத்திவிட்ட சந்தோஷத்தில் அதற்கு மேல் நான்கு தோசை சாப்பிட்டான்.

காலாண்டுத் தேர்வு ஹாலில் போன் கிடையாது. அவனுக்கு அது தெரியும்.

20 ஆகஸ்ட், இரவு 10.00

'பிடிபடுவோமா' என்ற கேள்வி தனியாக நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

ஒன்று, ஒப்புமைச் சோதனை. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் போட்ட விதி இதற்குத்தான். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஏஐ புதிதாகக் கோத்து எழுதுவதால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. சிக்காததாலேயே அது உங்கள் எழுத்து ஆகிவிடாது.

இன்னொன்று, 'இது ஏஐ எழுதியதா' என்று சொல்லும் மென்பொருள். இதை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகக் கண்டுபிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. அந்த ஜூலையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஸ்டான்போர்டில் அதே வருடம் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மாணவர்கள் தேர்வில் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று தள்ளிவிட்டன. எளிய சொற்களில், சின்ன வாக்கியங்களில் எழுதினால் இயந்திரம் மாதிரித் தெரிகிறதாம். நம் பிள்ளைகள் எழுதுகிற ஆங்கிலம் அதுதானே?

இங்கே ஒரு தங்கை, தானே எழுதியதை ஏஐ என்று சொல்லி ஆசிரியர் திருப்பிவிட்டதாக அழுதுகொண்டே எழுதியிருந்தாள். உன் அடித்தல் திருத்தல் பேப்பரை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டும்மா. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய பதிப்புகள் நேரத்தோடு அதிலேயே இருக்கும், திறந்து காட்டு. எல்லாருமே இனிமேல் கசக்கிய பேப்பரைக் குப்பையில் போடாதீர்கள்.

21 ஆகஸ்ட், காலை 8.15

ஏழாவது படிக்கும் மகனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: வகுப்பறையில் இந்தக் கருவிகளைத் தனியாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வழிகாட்டியது. அதுவரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் போனில் பார்க்கட்டும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 9.50

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். பரம்பரையாகக் கண்மாய்த் தண்ணீரைத் திறந்து வயல் வயலாகப் பாய்ச்சிக் கொடுத்த குடும்பம். அவர் பேசியதை ஒரு மணி பத்து நிமிடம் போனில் பதிவு செய்தேன். அதைக் கேட்டுக் கேட்டு எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். சோர்வாக இருந்தது. ஒலியை எழுத்தாக்கும் ஒரு ஏஐயில் முழுப் பதிவையும் ஏற்றினேன். காபி குடித்து வருவதற்குள் இருபது பக்கம்.

படித்தேன், தங்குதடை இல்லாமல் ஓடியது. ஒரு இடத்தில் இப்படி இருந்தது: 'மழை திறக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிப் போய்ப் பார்த்துட்டு வருவோம். நிர்வாகம் எங்க வகையறாவுக்கு.' மழை எங்கே திறக்கும்? பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது: "மடை தெறக்குறதுக்கு முன்னாடி கலுங்கப் போயிப் பாத்துட்டு வருவோம். நீராணிக்கம் எங்க வகையறாவுக்கு."

மடை மழை ஆகிவிட்டது. நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு, கிளம்பி ஆகிவிட்டது. அவை போகட்டும், உறுத்தி நிற்கும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். நீராணிக்கம் நிர்வாகம் ஆனதுதான் என்னை உலுக்கியது. நீராணிக்கம் என்றால் ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. ராத்திரி மடைக்குக் காவல் கிடந்து, பாம்பு கடிக்கும் வரப்பில் நடந்து, அறுப்புக் களத்தில் அளந்து போட்ட நெல்லை வாங்கிக்கொண்ட வேலை. அந்தக் குடும்பத்தை ஒரே சொல்லில் ஊரை நிர்வாகம் செய்த குடும்பமாக மாற்றிவிட்டது ஏஐ. வாக்கியம் எங்கும் இடறவில்லை. 'மழை' கண்ணில் பட்டிருக்காவிட்டால், என் ஆய்வேட்டில் யார் வேலை செய்தார்கள், யார் அதிகாரம் செய்தார்கள் என்பதே தலைகீழாகப் போயிருக்கும்.

இந்தக் கருவிகள் படித்த பக்கங்களில் ஆங்கிலத்தோடு பார்த்தால் தமிழ் சொற்பம். தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சொற்பத்திலும் அச்சுத் தமிழும் சினிமாத் தமிழும் போக, மேலூர் வரப்பில் பேசுகிற தமிழ் எத்தனை பக்கம் இருந்திருக்கும்? கேட்டிராத சொல்லைக் கேட்டால் தெரியவில்லை என்று நிற்காமல், கேட்டிருக்கிற சொல் ஒன்றை வைத்து நிரப்பிவிடுகிறது.

நான் எழுதத் தயங்கியது இதை இல்லை. அந்தப் பதிவின் நடுவில் ஒரு பழைய தண்ணீர்ச் சண்டை வருகிறது. யார் ராத்திரியில் மடையைத் திறந்தது, யார் யாரை வெட்டியது, எந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனது, எல்லாம் பெயரோடு. பெரியவர் என்னை நம்பிச் சொன்னது. அதையும் சேர்த்துத்தான் ஏற்றியிருக்கிறேன். நாம் கொடுப்பதை ஏஐயைப் பழக்க எடுத்துக்கொள்ளலாம் என்ற அமைப்பு என் கணக்கில் திறந்தே இருந்திருக்கிறது. அணைத்தேன். ஏற்றிய பதிவை அங்கிருந்து அழித்தேன். ஆனால் போனது போனதுதானே. "உன் புத்தகத்துக்குத்தானே, கேட்டுக்க" என்று அவர் எனக்குக் கொடுத்த சம்மதத்தை, அவரிடம் கேட்காமல் நான் வேறொரு இடத்துக்கு நீட்டிவிட்டேன்.

உங்கள் போனில் இருக்கும் அடுத்தவர் பேச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்திரம், ஆதார், வகுப்புத் தோழியின் போட்டோ இவற்றை ஏஐயில் ஏற்றும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.

30 ஆகஸ்ட், இரவு 10.40

உசிலம்பட்டி அக்கா, 13-ஆம் தேதி உங்களுக்கு எழுதியதில் 'வேறு கருத்தே இல்லை' என்று போட்டிருந்தேன். இப்போது கொஞ்சம் இருக்கிறது.

கண்மாயை ஊராரே பழுதுபார்க்கும் குடிமராமத்து பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியின் ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னேன். இலக்கணத்தோடு சேர்த்து சொல்லையும் மாற்றிவிட்டது. ஊரார் வேலை என்று நான் எழுதியதை, ஊர் மக்கள் தன்னார்வமாகச் சேர்ந்து செய்த சேவை என்ற பொருளில் அழகாக்கி வைத்திருந்தது. கரை உடைந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும் என்பதுதான் பல ஊரில் வழக்கம். அதில் யார் மண் சுமந்தார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்பதில் சாதி இருந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் இதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டு ஆள் வரவழைத்த வேலைக்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்தால் என் அத்தியாயமே பொய்.

ஆகவே, இங்கிலீஷ் மட்டும் ஏஐயுடையது என்று பிரிக்க முடியாது போலிருக்கிறது அக்கா. சொல் மாறினால் கருத்தும் மாறுகிறது. நீங்கள் நிறுத்த வேண்டாம், நானும் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது முழுப் பத்தியையும் திருத்தித் தரச் சொல்வதில்லை. 'பிழையைக் காட்டு, காரணம் சொல், நீயாக எழுதாதே' என்கிறேன். கண்மாய், கலுங்கு, குடிமராமத்து எல்லாவற்றையும் தமிழ் ஒலியிலேயே வைத்துக் கீழே நானே விளக்கம் எழுதுகிறேன். மூன்று மாதத்தில் என் ஆங்கிலமும் தேறியிருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 8.30

இன்று காலை மேலூர் பஸ் பிடித்துப் பெரியவரிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏஐ என்றால் என்ன என்று விளக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அது யாருக்குப் போகுது தாயி?"

"வெளிநாட்டுல ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குப் போகுது ஐயா."

"அவன் நம்ம ஊருக்கு வருவானா?"

"வரமாட்டான்."

"அப்ப அது கெடக்கட்டும். ஆனா அந்தச் சண்டைப் பேச்ச நீயும் எழுதாத. அவுக பேரன்மாரு இப்ப ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறாய்ங்க."

சண்டை வருகிற அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை என் போனில் இருக்கும் பதிவிலிருந்தும் வெட்டிவிட்டேன். ஆய்வுக்கு அது நல்ல செய்திதான், வலிக்கத்தான் செய்தது. மீதிப் பதிவை ஹெட்போன் போட்டுக் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது, அவர் 'எங்க அய்யா' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்துகிறார். இருபது பக்கத்தில் அது இல்லை.

7 செப்டம்பர், மாலை 6.00

ஏஐ பயன்படுத்தியதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு. நான் முதலில் எழுதிக் கொடுத்தது, 'இந்த ஆய்வில் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது' என்ற ஒற்றை வரி. கைடு மேடம் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். "எந்த மாசம், எந்த அத்தியாயம், எதுக்குன்னு எழுதும்மா. இப்படி எழுதினா ஒண்ணும் எழுதாத மாதிரிதான்" என்றார்.

இப்போது இருப்பது இது: 'இரண்டாம், நான்காம் அத்தியாயங்களின் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழைகளைக் கண்டறிய 2025 மே முதல் ஆகஸ்ட் வரை ஏஐ கருவி பயன்படுத்தப்பட்டது. திருத்தங்களை ஆய்வாளரே செய்தார். ஒரு நேர்காணல் பதிவை எழுத்தாக்க முயன்று கைவிடப்பட்டது. அது குறித்துப் பேசியவரிடம் பின்னர் தெரிவிக்கப்பட்டது. நூற்பட்டியலில் உள்ள அனைத்தும் நேரில் பார்க்கப்பட்டவை.' உண்மையில் எந்தக் கருவி என்ற பெயரும் அதில் இருக்கிறது, இங்கே அது தேவையில்லை.

கைவிட்டதையும் எழுத வேண்டுமா என்று தோழி கேட்டாள். எழுதலாம் என்றுதான் எனக்குப் பட்டது. ஏஐயையே ஆசிரியர்களில் ஒருவராகப் போடலாமா என்று ஒரு கேள்வியும் வந்தது. கூடாது. தவறுக்குப் பொறுப்பேற்று வந்து நிற்க அதனால் முடியாது என்பதால் ஆய்விதழ்கள் 2023-லேயே அதை மறுத்துவிட்டன.

14 செப்டம்பர், ஞாயிறு, இரவு 9.10

திருமங்கலம் தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா? கரையில் நடந்து எண்ணினாராம். ஏஐ மூன்று மடை என்றது, இருப்பது நான்கு. நான்காவது மடை வீட்டு மனைக்குப் பின்னால் மூடிக் கிடக்கிறது, அவருடைய அப்பத்தாதான் இடத்தைக் காட்டியிருக்கிறார். பத்துப் பக்கம் வரவில்லை, ஆறு பக்கம்தான் வந்தது, வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைங்க தம்பி. அப்பத்தா சொன்னதை அவர் பெயர் போட்டு, தேதி போட்டு எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. மூடிய மடையை ஒரு போட்டோ எடுத்து ஒட்டுங்கள். தலைப்பை மட்டும் ஏஐயிடம் கேட்கலாமா என்றால் தாராளமாகக் கேளுங்கள், பத்துச் சொல்லும், எனக்கென்னவோ பதினோராவது உங்களுக்கே தோன்றும் என்று படுகிறது.

நானும் நேற்று பெரியவரிடம் போய், கையால் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் கையைத் தூக்கினார். "ஆறு மடை இல்ல தாயி, அஞ்சு. ஆறாவது எங்க அய்யா செத்த பெறகு கட்டுனது." பதிவில் அவரே ஆறு என்றுதான் சொல்லியிருந்தார். ஐந்து என்று திருத்தி, பக்கத்தில் நேற்றைய தேதியைப் போட்டேன். அத்தியாயம் நாளைக் காலை கைடு மேடத்திடம் போகிறது.